சங்கு ஊதினால் யாருக்குக் கேட்கும்?

“அலையின் செறிவு, அதன் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், மூலத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும்.” முதலாண்டுப் பௌதிக மாணவர் எவரையேனும் நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கேட்டுப் பாருங்கள், இந்த வாக்கியம் பிழையில்லாமல் வரும். சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தருவதோடு அதன் கடமை தீர்ந்தது என்பது நம் எண்ணம். அந்த வாக்கியத்துக்கு ஏலூரில் வேலை இருக்கிறது என்று வாதாடவே இதை எழுதுகிறேன்.

ஏலூர் நமக்கு அயலூர் அன்று. நம் மாணவரில் சிலர் அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அப்பக்கம் உழைக்கின்றனர். பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த அந்தத் தீவில் ஆலைகளும் வீடுகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உத்யோகமண்டல் என்று பெயர் சூட்டப்பட்ட பகுதியில் 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிய ‘ஃபாக்ட்’ உர ஆலையை, திருவாங்கூரில் சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1943-இல் நிறுவியவர்கள் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுத்த மோனசைட், 1952 முதல் இயங்கிய அருமண் ஆலைக்கு இங்கேதான் வந்து சேர்ந்தது. தமிழன் முதலும் தமிழ்க் கரையின் மணலும் கலந்த ஊர் என்று பெருமை பேசலாம். பெருமையோடு அமோனியாவும் குளோரினும் அவ்வூரில் உண்டு என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 2004 ஜூலையில் பூச்சிமருந்து செய்த இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் ஆலையில் தீப்பிடித்ததை அவ்வூர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் அபாயச் சங்கு என்பது உயிர்க்கருவி. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு மூன்று நொடி போதும். குழாய் ஒன்று வெடித்துக் கசியும் வாயுவோ காற்றின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினால், அதே கிலோமீட்டரை அது கடக்க ஐந்தரை நிமிடம் ஆகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிழவியைக் கைப்பிடித்து, காற்றுக்குக் குறுக்காக நடந்து விலகிவிட அந்த ஐந்தரை நிமிடம்தான் இருக்கிறது. சங்கு கேட்டால் அந்த நிமிடங்கள் நமக்கு, கேட்காவிட்டால் வாயுவுக்கு.

அப்படியானால் கேட்கிறதா? 2025 மே 7 அன்று நாடெங்கும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது நினைவிருக்கும். கேரளத்திலும் மாலை 4 மணிக்குச் சங்குகள் ஊதின. அன்று இரவு விடுதி உணவுக்கூடத்தில் நாங்கள் ஆறு பேர் அமர்ந்து பேசினோம். மொட்டை மாடியில் துணி உலர்த்தியவர் தெளிவாகக் கேட்டது என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர், “எந்தச் சங்கு?” என்றார். நூலகத்தில் இருந்த நான் மின்விசிறியைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. ஒருவர் ஆம்புலன்ஸ் என்று நினைத்தாராம். இதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒத்திகை வைப்பதே இதையெல்லாம் அறியத்தான். ஆனால் அறிந்தவற்றை யார் எழுதி வைத்தார்கள்?

சங்குகளை விற்போர் ‘130 டெசிபெல்’ என்றும் ‘3 கிலோமீட்டர் கேட்கும்’ என்றும் அச்சிட்டு விற்கின்றனர். வாங்குவோரும் அதை நம்பி வாங்குகின்றனர். தூரத்தைச் சொல்லாத டெசிபெல், விலாசம் எழுதாத கடிதம் போன்றது. நம் சிவகாசிப் பட்டாசுக்கு இந்திய அரசு விதித்த வரம்பைப் பாருங்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அளந்தால் 125 டெசிபெலுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அந்த ‘4 மீட்டர்’ இல்லாவிட்டால் 125 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. பட்டாசுக்குக் காட்டும் இந்த ஒழுங்கை அபாயச் சங்குக்கும் காட்டலாமே.

இனி அந்த இரண்டு மதிப்பெண் வாக்கியத்துக்கு வருவோம். வீச்சு என்பது அலையின் ஏற்ற இறக்கத்தின் அளவு. ஒலியைப் பொறுத்தமட்டில் காற்றழுத்தம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது. செறிவு என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு நொடியில் கடந்து போகும் ஆற்றல். வீச்சை இருமடங்காக்கினால் செறிவு நான்கு மடங்காகும். சங்கிலிருந்து புறப்பட்ட ஆற்றல் விரிந்துகொண்டே போகும் ஒரு கோளத்தின் மேல் பரவுகிறது. தூரம் இருமடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும்: வீச்சு, தூரத்தின் வர்க்கத்துக்கு அன்று, தூரத்துக்கே எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இருமடங்கானால் வீச்சு பாதி. இந்த மூன்றாவதைப் பலர் தேர்வில் தவறாக எழுதுவதை விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இரண்டு விதிகளையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு மனப்பாடம் செய்வதன் பலன் அது. (வீச்சு, செறிவு என்னும் சொற்கள் எவ்வளவு அழகாக வந்து அமர்ந்திருக்கின்றன! கை வீச்சும் வாள் வீச்சும் அறிந்தவனுக்கு அலையின் வீச்சை விளக்க வேண்டியதில்லை.)

டெசிபெல் கணக்கில் சொன்னால், தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் 20 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 130 காட்டும் சங்கு 10 மீட்டரில் 110, நூறில் 90, ஒரு கிலோமீட்டரில் 70. காற்றும் மரமும் சுவரும் தடையே செய்யாத வெட்டவெளியில் இந்தக் கணக்கு. இனிமேல்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சங்கு காதில் விழுந்தால் மட்டும் போதாது; சுற்றியுள்ள இரைச்சலை மீறி விழ வேண்டும். குறைந்தது 10 டெசிபெலாவது மிகுந்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்வர். குடியிருப்புப் பகுதியில் இரவு நேர ஒலிக்கு நம் சட்டம் விதித்த வரம்பு 45 டெசிபெல், தொழிற்பகுதியில் 70. இரண்டிலும் நம் 130 டெசிபெல் சங்கை வைத்துப் பாருங்கள். 45 உள்ள அமைதியான தெருவில் அது 55 ஆகத் தேய்வதற்கு ஏறத்தாழ 5,600 மீட்டர் போக வேண்டும். 70 உள்ள ஆலைத்தெருவில் அது 80 ஆகத் தேயும் இடம் 316 மீட்டர்! சங்கு ஒன்றே, ஊதும் வேகமும் ஒன்றே. ஓரிடத்தில் ஐந்தரைக் கிலோமீட்டர் ஆளும் அரசன், இன்னோரிடத்தில் மூன்று தெருவுக்கு நாட்டாண்மை. ‘3 கிலோமீட்டர் கேட்கும்’ என்று அச்சிடுபவர் எந்த ஊரின் எந்த இரவை மனத்தில் கொண்டு அச்சிடுகிறார்?

ஏலூரின் துன்பம் இதுதான்: அமைதியான தெருவும் ஆலைத்தெருவும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அபாயத்துக்கு மிக அருகில் இருப்பவனுக்கே இரைச்சலும் மிகுதி.

பௌதிகம் படிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி, ஒரு பெரிய சங்குக்குப் பதில் பல சிறிய சங்குகளை ஊரெங்கும் வைப்பதே சரி என்றேன். அவர் மறுத்தார். மறுப்பு கூர்மையானது; ஆகவே இங்கே தருகிறேன். “எட்டும் தூரத்தைப் பாதியாக்கினால் வேண்டிய ஆற்றல் நான்கில் ஒரு பங்கு. அந்தச் சிறு சங்கு காக்கும் பரப்பும் நான்கில் ஒரு பங்கு. நான்கு வைத்தால் பழைய ஆற்றலே, பழைய பரப்பே. உன் விதி ஒன்றுக்கும் பலவுக்கும் நடுவே பாரபட்சம் காட்டவில்லை, நீதான் காட்டுகிறாய்.”

விதியைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. வெட்டவெளியில் ஒன்றும் பலவும் சமம். ஆனால் ஏலூர் வெட்டவெளி அன்று. கோளமாக விரிவதால் வரும் தேய்மானம் ஒருபுறம் இருக்க, போகும் வழியெல்லாம் காற்று ஒலியை விழுங்குகிறது. அது கடன்காரன் வட்டி போன்றது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், எஞ்சியிருப்பதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். கீச்சுக்குரலிடம் கொடும் வட்டி, கனத்த குரலிடம் குறைந்த வட்டி. (கோவையிலும் மதுரையிலும் பஞ்சாலைச் சங்குகளின் அடிக்குரல் தொலைதூரம் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.) இடையில் நிற்கும் கட்டடங்களும் தோப்புகளும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். குறைந்த தூரம் போகும் ஒலி குறைந்த வட்டியே கட்டும். ஆகவே நிலத்தின் மேல் பல சங்குகளுக்கே வெற்றி.

இன்னொன்றும் உண்டு. ஒரே சங்கைக் கொண்டு 3 கிலோமீட்டர் தொலைவில் 80 டெசிபெல் எட்ட வைக்க விரும்பினால், அதே சங்கிலிருந்து 10 மீட்டரில் 130 டெசிபெல் வரும். அது காது வலிக்கும் எல்லை. கடைசி வீட்டுக்காரனை எழுப்ப முதல் வீட்டுக்காரனைச் செவிடாக்குவது எந்த ஊர் நியாயம்? ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியை நாம் தலைகீழாக நிறைவேற்றியவர்கள் ஆவோம். ஒரே சங்கு பழுதானால் ஊர் முழுவதும் ஊமையாகும் என்பதையும் நண்பரிடம் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் மறுமொழி சொல்லவில்லை; காப்பி வாங்கிக் கொடுத்தார்.

காற்றைப் பற்றி ஒரு நற்செய்தி. பகலில் தரை சூடேறி மேல்காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது; தெளிந்த இரவில் தரை குளிர்வதால் கீழ்நோக்கி வளைந்து தொலைவிலும் கேட்கிறது. தொலைதூரத்து இரயிலின் ஒலி இரவில் அருகில் வந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். காற்று வீசும் திசையிலும் ஒலி கீழே வளையும். எதிர்த்திசையில் மேலே எழும்பி, கீழே நிழல் விழுந்ததுபோல் அமைதியாகிவிடும். நச்சு வாயு போகும் பக்கமும் அதே காற்றின் பக்கம்தானே! எவனுக்கு ஆபத்து வருகிறதோ அவன் காதுக்கே காற்று சங்கொலியை வளைத்துத் தருகிறது. இயற்கையின் இந்த உதவியை நாம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அதன்மேல் சாய்ந்துவிடக் கூடாது. ஆடி மாதத்து நள்ளிரவை நினையுங்கள். மலையாளத்தில் அது கர்க்கடகம். தகரக் கூரையில் மழை அடிக்கிறது, சன்னல்கள் அடைபட்டிருக்கின்றன, மூடிய அறைக்குள் புறவொலி பெரும்பகுதி சுவரோடு நின்றுவிடுகிறது. மாலை 4 மணி வெயிலில் நடந்த ஒத்திகை ஒருவகையில் கடினமான சோதனைதான். பகலில் ஒலி மேலே வளைகிறதல்லவா? எனினும் அது மிகக் கடினமான சோதனை அன்று. சங்கைச் சோதிக்க வேண்டியது ஆடி மழையில், இரவு இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே.

தூரத்தின் வர்க்கம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா அலைக்கும் பொருத்திவிடலாகாது. நம்மில் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. கடல் மேற்பரப்பில் செல்லும் அலை கோளமாக விரிவதில்லை, வட்டமாகவே விரிகிறது. ஆகவே அதன் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்துக்கு அன்று, தூரத்துக்கே எதிர்விகிதத்தில் குறையும். வீச்சோ அதைவிட மெதுவாகத் தேயும். போதாக்குறைக்கு அந்தப் பிளவு புள்ளி அன்று. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்ட கோடு. கோட்டிலிருந்து புறப்பட்ட அலை கிழக்கிலும் மேற்கிலும் அதிகம் விரியாமலே சென்றது. மேற்கே இலங்கையும் தமிழகக் கரையும் இருந்தன. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிந்து, வீச்சு உயர்ந்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் நம்மைக் காக்கவில்லை. கேரளத்தின் மேற்குக் கரையைக்கூட அலை சுற்றி வந்து தாக்கிற்று. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு அதன் சாட்சி. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் ஊத ஒரு சங்கு இல்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

கைப்பேசியில் எச்சரிக்கைச் செய்தி வருகிறதே, சங்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் இதே விதிக்கு அடங்கியதுதான், அது இருக்கட்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஏலூரும் ஆலுவாவும் நீரில் நின்றபோது மின்சாரம் போனது, கைப்பேசிகள் கையில் கட்டைகளாயின. இரவில் பேசியை அணைத்துவிட்டு உறங்கும் தொழிலாளியை எது எழுப்பும்? இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. சங்குக்கும் தனி மின்கலம் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

செறிவு மட்டும் போதும் என்றும் நான் வாதாடவில்லை. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் ஆலைச் சங்கு ஊதத்தான் ஊதியது. வெளியூர் மக்களுக்கான சங்கைச் சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்; பிறகு மறுபடி ஊதியபோது நச்சு தெருவில் இருந்தது. கேட்டவர்க்கும் அதன் பொருள் தெரியவில்லை. அடிக்கடி வேறு காரியங்களுக்கும் ஊதிய சங்கு அது. ஆகையால் ஷிப்டு மாறும் சங்குக்கும் அபாயச் சங்குக்கும் ஒலியில் வேறுபாடு வேண்டும். அந்த வேறுபாட்டை மலையாளத்தோடு தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒட்ட வேண்டும். தமிழில் எழுத நாம் இருக்கிறோம்.

அளப்பதற்கும் நாம் இருக்கிறோம் என்பதே நான் சொல்ல வந்தது. நம் மன்றத்தில் ஆண்டுக்கு இரண்டு பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து நாற்பது பேர் உழைக்கிறோம். அந்த நாற்பது பேரில் இருபது பேர் ஒரு நாள் ஏலூருக்குப் போகலாம். அடுத்த சங்கு ஒத்திகையின் நாளையும் நேரத்தையும் முன்னதாக நகராட்சியில் கேட்டு அறிந்து, இருபது இடங்களில் நிற்க வேண்டும்: பாதாளம் சந்திப்பில், பள்ளிக்கூட வாசலில், ஆற்றங்கரைக் கடைசி வீட்டில், ஆலை மதிலை ஒட்டிய வாடகை அறைக்குள் கதவை மூடிக்கொண்டு. சங்குக்கு முன் ஒரு நிமிடம் இரைச்சலை அளக்க வேண்டும். சங்கு ஊதும்போது மறுபடி அளக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிவாங்கி மிகுந்த ஒலியில் பொய் சொல்லும். ஒன்றுக்கொன்று ஒத்தும் போகாது. ஆகவே புறப்படும் முன் இருபது பேசிகளையும் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒலி அளவியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏலூர் வரைபடத்தில் 10 டெசிபெல் மிகுதி கிடைத்த இடமெல்லாம் பச்சை, கிடைக்காத இடமெல்லாம் சிவப்பு. படத்தின் ஒரு படி நகராட்சிக்கு, ஒரு படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்கு, ஒரு படி அடுத்த இதழுக்கு.

முதல் ஒத்திகை கோடையில் வந்தாலும் போவோம். ஆடியில் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். குடை எடுத்துவரச் சம்மதிப்பவர்கள் மட்டும் இதழாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம்.